வாதாபியும் காஞ்சியும்: வெற்றி யாருடையது?

பல்லவருக்கும் சாளுக்கியருக்கும் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மூண்ட பகை எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஓயவில்லை. காஞ்சியும் வாதாபியும் மாறி மாறிப் பிடிபட்டன. இரு தரப்பும் தங்கள் போர்களைச் செப்பேட்டிலும் கல்லிலும் எழுதி வைத்திருக்கின்றன. அவற்றை வரிசையாக வைத்துப் படிப்பவருக்கு முதலில் தட்டுப்படுவது, தோற்றதாக எழுதிக்கொண்டவர் ஒருவர்கூட இல்லை என்பதே. தோல்வியில்லாத போர் உலகில் கிடையாது. ஆகவே இந்த ஆவணங்களில் எதை, எந்த அளவுக்கு நம்புவது என்ற கேள்வி எழுகிறது. வரலாற்றாசிரியர்களின் கேள்வி இது. அதற்கு முன்பே, பிறர் சொல் எப்போது அறிவாகும் என்று கேட்ட இந்தியத் தத்துவ மரபுகளின் கேள்வியும் இதுதான்.

முதல் போரிலேயே சிக்கல் தொடங்குகிறது. இரண்டாம் புலிகேசியின் புகழைப் பாடும் ஐஹொளெ கல்வெட்டு சக ஆண்டு 556இல், அதாவது கி.பி. 634இல் வெட்டப்பட்டது. ரவிகீர்த்தி என்ற சமணப் புலவர் தாம் எழுப்பிய ஜினாலயத்தின் சுவரில் அதைப் பொறித்தார். தன் எழுச்சியை எதிர்த்த பல்லவர் கோனைப் புலிகேசி படைகளின் புழுதியால் மூடிக் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளியச் செய்தான் என்கிறது அது. பல்லவர் தரப்பில் இதற்கு ஈடாக இருப்பது காசாக்குடிச் செப்பேடு. மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் முதன்மைப் பகைவரை அழித்தான் என்று அது சொல்கிறது. பகைவர் யார் என்று பெயர் சொல்லவில்லை. மேலும் இந்தச் செப்பேடு மகேந்திரனுக்கு நூறாண்டுக்கு மேல் பிற்பட்ட இரண்டாம் நந்திவர்மன் காலத்தது.

இந்த இரண்டு கூற்றும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. புள்ளலூர் காஞ்சிக்கு வடக்கே, அரை நாள் நடையில் உள்ள ஊர். சாளுக்கியப் படை அதுவரை வந்திருக்கிறது. பல்லவன் கோட்டைக்குள் ஒதுங்கியிருக்கிறான். காஞ்சி விழவில்லை. படை வந்ததை ஒருவர் எழுத, கோட்டை நின்றதை மற்றவர் எழுதியிருக்கிறார்கள். பொய் என்று சொல்ல எதுவும் இல்லை. இருவரும் பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அடுத்தது நரசிம்மவர்மனின் காலம். பரியலம், மணிமங்கலம், சூரமாரம் என்ற மூன்று களங்களில் புலிகேசி முதுகு காட்டி ஓடினான் என்றும், அந்த முதுகையே ஏடாகக் கொண்டு நரசிம்மவர்மன் வெற்றி என்ற எழுத்துகளை எழுதினான் என்றும் கூரம் செப்பேடு வருணிக்கிறது. கற்பனை அழகானது. ஆனால் களத்தின் பெயர் கற்பனையைவிடக் கூடுதலாகப் பேசுகிறது. மணிமங்கலம் தாம்பரத்துக்கு மேற்கே, சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது. காஞ்சிபுரத்துக்கோ ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கிழக்கே. சாளுக்கியப் படை தலைநகரையும் தாண்டிக் கடற்கரைப் பக்கம் இறங்கிய பிறகுதான் அங்கே சண்டை நடந்திருக்க முடியும். பல்லவன் வென்றான் என்பதைச் சொல்ல வந்த வரி, அவன் எவ்வளவு நெருக்கடியில் இருந்தான் என்பதையும் தன்னையறியாமல் சொல்லிவிடுகிறது. புகழ் பாடியவர் வினைச்சொல்லை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். ஊர்ப்பெயரை வளைப்பது கடினம்.

கி.பி. 642ஐ ஒட்டி வாதாபி விழுந்தது. இதற்குப் பல்லவரின் சொல்லை மட்டும் நம்ப வேண்டியதில்லை. வாதாபியிலேயே, இன்றைய பாதாமியில், ஒரு பாறையில் நரசிம்மவர்மனின் 13ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கும் சிதைந்த வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. எதிரியின் தலைநகரில் நின்று ஆட்சியாண்டு போட்டுக் கல்வெட்டு வெட்டியவன் அந்த நகரைக் கைக்கொண்டிருந்தான் என்பதில் ஐயமில்லை. இலங்கையின் சூளவம்சமும் சாட்சி சொல்கிறது. நாடிழந்து வந்து நரசிம்மனிடம் அடைக்கலம் புகுந்த மானவர்மன், வல்லபனுக்கு, அதாவது சாளுக்கிய மன்னனுக்கு, எதிரான போரில் அவனோடு சேர்ந்து போரிட்டான் என்றும், பிறகு பல்லவப் படையின் துணையோடு இலங்கை அரியணையைப் பெற்றான் என்றும் அந்நூல் கூறுகிறது. நன்றிக்கடன் பட்டவரின் வழியில் வந்த சாட்சி என்று இதைச் சற்றுக் குறைத்து மதிப்பிடலாம். தள்ளிவிட முடியாது.

சாளுக்கியர் இந்த வீழ்ச்சியை நேராக எழுதவில்லை. ஆனால் ஏறத்தாழ 655இல் அரசேறிய முதலாம் விக்கிரமாதித்தனின் செப்பேடுகள், மூன்று அரசர்களால் மறைக்கப்பட்ட தந்தையின் அரசுரிமையை அவன் மீட்டான் என்றும், அந்த இடைக்காலத்தில் அற்றுப்போன தேவதானங்களையும் பிரமதேயங்களையும் திரும்ப நிலைநிறுத்தினான் என்றும் பெருமையாகப் பேசுகின்றன. இழந்திருந்தால்தானே மீட்க முடியும்? தோல்வி அங்கே மகனின் சாதனைப் பட்டியலுக்குள் மறைந்து நிற்கிறது.

விக்கிரமாதித்தன் பழி தீர்க்கப் புறப்பட்டான். கத்வால் செப்பேடு சக ஆண்டு 596, கி.பி. 674 ஏப்ரலில் வெளியிடப்பட்டது. அப்போது அவன் பாசறை காவிரியின் தென்கரையில் உரகபுரத்தில் இருந்தது. உறையூரைத்தான் அந்தப் பெயர் குறிக்கிறது என்று ஆய்வாளர் பலர் கொள்வர். நரசிம்மனின் புகழைக் கெடுத்து, மகேந்திரனின் வலிமையைக் கரைத்து, ஈசுவரனாகிய பரமேசுவரவர்மனை அடக்கிக் காஞ்சியைக் கைப்பற்றினான் என்று அது பாடுகிறது. மாமல்லனாகிய நரசிம்மனின் குலத்தை அழித்ததால் ராஜமல்லன் என்ற பட்டமும் அவனுக்குப் பொருந்துமாம். கூரம் செப்பேட்டைப் பிரித்தால் காட்சி தலைகீழ். பல லட்சம் படையோடு வந்த விக்கிரமாதித்தனை ஒரு கந்தல் துணி மட்டும் உடுத்துத் தனியே ஓட வைத்தான் பரமேசுவரவர்மன். களம் பெருவளநல்லூர் என்பதை உதயேந்திரம் செப்பேடு தருகிறது. அவ்வூர் இன்றைய லால்குடிப் பகுதியில், காவிரிக்கு வடக்கே உள்ளது.

அன்றைய நாட்டுக்காரர் ஒருவர் முன் இந்த இரண்டு ஏடுகளையும் வைத்து, எது மெய் என்று கேட்டால், அவர் தன் அரசன் ஏட்டைத்தான் காட்டுவார். தேதியையும் ஊரையும் மட்டும் பிரித்தெடுத்துப் பார்ப்பவருக்குச் சண்டை தீர்ந்துவிடும். காஞ்சி விழுந்தது, பாசறை காவிரிவரை போனது, அதன் பிறகு பெருவளநல்லூரில் படை உடைந்தது. கத்வால் செப்பேடு எழுதப்பட்டபோது கடைசி நிகழ்ச்சி நடந்திருக்கவில்லை. நடந்த பிறகு சாளுக்கியர் அதை எழுதவில்லை. கூரம் செப்பேடோ காஞ்சி விழுந்ததைச் சொல்லவில்லை.

நான்காம் கட்டம் வியப்பானது. இரண்டாம் விக்கிரமாதித்தன் (733–744) காஞ்சிக்குள் நுழைந்தான். ராஜசிம்மேசுவரம் எனப்படும் கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைப் பார்த்துவிட்டு, அதைக் கொள்ளையிடாமல் இறைவனுக்கே விட்டுவிட்டான். அதை அறிவிக்கும் கன்னடக் கல்வெட்டு அந்தக் கோயிலின் மண்டபத் தூணிலேயே இருக்கிறது. அவன் அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எழுப்பிய கோயிலின் கல்வெட்டு, மூன்று முறை காஞ்சியை வென்றவன் என்று கணவனைக் கொண்டாடுகிறது. இந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பல்லவச் செப்பேடுகளில் ஒரு சொல் இல்லை. நந்திவர்மனின் தளபதி உதயசந்திரன் வென்ற களங்களை நீளமாக அடுக்கும் உதயேந்திரம் செப்பேடும் காஞ்சி இழப்பைத் தொடவில்லை.

புகழ்ச்சியை எப்படி வாசிப்பது என்பதற்கு மீமாம்சகர்கள் ஒரு வழி வகுத்திருக்கிறார்கள். வேதத்தில் செய் என்று ஏவும் வாக்கியம் விதி. அந்தச் செயலைச் சிறப்பித்து ஆர்வமூட்டும் வாக்கியம் அர்த்தவாதம். அர்த்தவாதம் செய்தி தர வந்ததல்ல, விதிக்குத் துணை நிற்க வந்தது. ஆகவே அதை எழுத்துக்கு எழுத்து உண்மையென்று கொள்ள வேண்டியதில்லை, முற்றிலும் தள்ளவும் வேண்டியதில்லை. காட்சி போன்ற வேறு அளவையோடு மோதினால் அது உபசாரம், அதாவது அணிவழக்கு. மோதாமல், வேறு வழியில் அறிய முடியாததாகவும் இருந்தால், நடந்ததைச் சொல்வதாக ஏற்கலாம்.

இந்தப் பாகுபாடு செப்பேட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. கூரம் செப்பேட்டின் வடமொழிப் பகுதியில்தான் முதுகில் எழுதிய வெற்றியும் கந்தல் துணியும் வருகின்றன. தமிழ்ப் பகுதி தொடங்கியதும் குரல் மாறிவிடுகிறது. கூரத்துச் சிவன் கோயிலுக்கு விட்ட நிலம், பரமேசுவர தடாகம் என்ற ஏரி, அதற்குப் பாலாற்றிலிருந்து வெட்டிய கால், மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு ஏற்பாடு என்று ஒவ்வொன்றாக வருகிறது. இந்தப் பகுதியில் தவறு எழுதினால் மறுநாளே வழக்கு வரும். பக்கத்து நிலக்காரன் எல்லைக்கல்லைக் காட்டி நிற்பான். கந்தல் துணியை மறுத்துப் பேசக் கூரத்தில் எவருக்கும் தேவை இருக்கவில்லை. ஒரே ஏட்டின் இரண்டு பகுதிகளுக்கு நம்பகம் வேறுபடுவதன் காரணம் எழுதியவரின் ஒழுக்கம் அன்று. எதை மறுக்க ஆள் இருந்தது என்பதே.

நியாய மரபு இன்னொரு கோணத்தில் கேட்கிறது. காட்சி, கருதல், உரை என்று தமிழ்ச் சைவ நூல்கள் எண்ணும் அளவைகளில் மூன்றாவதான உரை எப்போது செல்லும்? ஆப்தன் சொன்னால் செல்லும் என்பது நியாய சூத்திரம். ஆப்தன் யார் என்பதற்கு உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் தரும் இலக்கணம், பொருளை நேரில் அறிந்தவன், அறிந்தபடியே பிறருக்குச் சொல்ல விரும்புபவன். அதோடு அவர் சேர்க்கும் குறிப்புதான் இங்கே முக்கியமானது: இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது. சாட்சியின் தகுதியைக் குலமோ நாடோ தருவதில்லை, பறிப்பதுமில்லை என்று அந்நியன் என்ற சொல்லுக்கு அத்தனை கனம் இருந்த காலத்தில் எழுதியது சிறிய காரியமல்ல. இந்த இலக்கணத்தின்படி மெய்க்கீர்த்தி பாடிய புலவர் முதல் தகுதியில் தேறினாலும் இரண்டாவதில் தடுக்கி விழுவார். அறிந்தவர்தான். அறிந்தபடி சொல்ல விரும்பியவர் அல்லர்.

தேறுபவர் எப்படி இருப்பார் என்பதற்கு அதே காலத்தில் ஒரு சான்று உண்டு. ஹர்ஷனுக்கும் புலிகேசிக்கும் நடந்த போரில் ஹர்ஷன் தோற்றதை ஐஹொளெ கல்வெட்டு பாடுகிறது. தன் அரசனைப் பாடும் புலவரின் சொல் என்று அதை ஒதுக்கியிருக்கலாம். ஆனால் சீனத் துறவி யுவான் சுவாங்கும் அதையே சொல்கிறார். மகாராட்டிரத்து மன்னன் மட்டும் ஹர்ஷனுக்குப் பணியவில்லை என்பது அவர் குறிப்பு. அவர் ஹர்ஷனின் விருந்தாளி, அவன் கொடையாலும் மதிப்பாலும் போற்றப்பட்டவர். உபசரித்தவனின் இயலாமையை எழுத அவருக்கு ஆதாயம் எதுவுமில்லை. தன் பக்கத்துக்கு எதிராக ஒருவர் ஒத்துக்கொள்ளும் செய்திக்கு எடை கூடுவது இதனால்தான்.

இரு தரப்பும் தத்தம் வெற்றியையே சொல்லும் வழக்கு சமயக் கதைகளிலும் உண்டு. சிங்கப்பெருமாள் கோயிலில் பாறையைக் குடைந்த பல்லவர் காலக் குகையில் பாடலாத்ரி நரசிம்மர் வீற்றிருக்கிறார். அர்ச்சகர் திருநாமத்தைச் சற்றே உயர்த்தித் தீபத்தைக் காட்டும்போது நெற்றிக்கண் தெரியும். இரணியனை அழித்த பின் நரசிம்மரின் சீற்றம் எப்படித் தணிந்தது என்பதில்தான் பிணக்கு. சிவன் சரபப் பறவையாக வந்து அடக்கினார் என்பது சைவ மரபு. மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய திருபுவனம் கம்பகரேசுவரர் கோயிலில் சரபருக்குத் தனிச் சந்நிதியே உண்டு. வைணவர் சிலர் கதையை அங்கே விடவில்லை. நரசிம்மர் இருதலைக் கண்டபேரண்டமாக மாறிச் சரபத்தை வென்றார் என்று தொடர்ந்தார்கள். (அந்தப் பேரண்டப் பறவை இன்று கர்நாடக அரசின் சின்னத்தில் இருக்கிறது.)

கத்வாலும் கூரமும் செய்ததைத்தான் இந்தப் புராணங்களும் செய்கின்றன. எதிர்த்தரப்பின் கதையைப் பொய் என்று எவரும் மறுக்கவில்லை. அதை ஏற்று, அதற்கு மேல் ஒரு அத்தியாயம் கூட்டுகிறார்கள். கடைசி அத்தியாயம் யாருடையதோ அவர் வென்றவர். ஒரு வேறுபாடு உண்டு. புராணத்தில் அத்தியாயத்தை யார் வேண்டுமானாலும் கூட்டலாம், பக்தனுக்கு அதனால் குறை ஒன்றுமில்லை. போரில் அடுத்த அத்தியாயம் எழுத இன்னொரு தலைமுறை சாக வேண்டியிருந்தது.

இக்காலத்தில் இந்தப் போர்களைப் படிப்பவர் இன்னொரு சார்பையும் சுமந்து வருகிறார். அது ஏடுகளில் இல்லாத சார்பு. தமிழ்ப் பேச்சில் இது தமிழன் கன்னடனை வென்ற கதை, கன்னடப் பேச்சில் கன்னடன் தமிழனை வென்ற கதை. கல்கியின் சிவகாமியின் சபதம் 1944 முதல் தொடராக வந்து வாதாபிப் படையெடுப்பைத் தமிழர் வீட்டுக் கதையாக்கியது. கன்னடத்தில் 1967இல் ராஜ்குமார் நடித்த இம்மடி புலிகேசி புலிகேசியை நாயகனாக்கியது. தமிழ்நாட்டிலோ 2006க்குப் பிறகு அந்தப் பெயரைச் சொன்னால் வடிவேலுவின் இருபத்து மூன்றாம் புலிகேசிதான் நினைவுக்கு வருகிறார். தென்னிந்தியாவின் பெரும் அரசர்களில் ஒருவனுக்கு இப்படியும் ஒரு தோல்வி வாய்த்தது.

ஏடுகளின் உலகம் வேறு. இரு தரப்பும் புகழ்ச்சியை எழுதிய மொழி வடமொழி. பல்லவரின் பழைய செப்பேடுகள் பிராகிருதத்தில் உள்ளவை. ஐஹொளெ கல்வெட்டின்படி காவிரி கடந்த புலிகேசி சோழ, சேர, பாண்டியர்களுக்கு வாழ்வளித்தான். அதாவது தமிழ் மூவேந்தரும் அந்தப் போரில் சாளுக்கியன் பக்கம் நின்றதாக எழுதப்பட்டிருக்கிறது. உதயேந்திரம் செப்பேட்டில் நந்திவர்மனை நந்திபுரத்தில் முற்றுகையிட்டவர்கள் திரமிள அரசர்கள், அதாவது தமிழ் மன்னர்கள். பல்லவனைத் தமிழரின் சார்பாளனாக நிறுத்தும் நமக்கு அவன் ஏடே இடம் கொடுக்கவில்லை. சேக்கிழாரும் பெரியபுராணத்தில், படைத்தலைவராயிருந்து சிவத்தொண்டரான பரஞ்சோதியார் வாதாபியைத் தூளாக்கியதைச் சொல்லுமிடத்தில் அரசன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அவருக்கு அது ஒரு தொண்டர் துறந்து வந்த வாழ்க்கை, அவ்வளவுதான். அந்தப் போரிலிருந்து கணபதி வந்த செய்தியும் பெரியபுராணத்தில் இல்லை. அது பின்னால் செவிவழி சேர்ந்தது.

வெற்றி என்ற சொல்லே பல அளவுகோல்களை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது என்பதைப் புள்ளலூர் இரண்டாம் முறையும் காட்டியது. 1780 செப்டம்பர் 10 அன்று அங்கே மைசூரின் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலக் கும்பெனியின் கர்னல் பெய்லியின் படையைச் சுற்றி வளைத்து அழித்தார்கள். காஞ்சிபுரத்தில் காத்திருந்த ஹெக்டர் மன்றோ பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கி, அங்கிருந்து சென்னைக்கு ஓடினார். இதில் யார் வென்றார் என்ற ஐயம் ஆங்கிலேயருக்கும் இல்லை. சார்பு வேறிடத்தில் புகுந்தது. ஆங்கில எழுத்துகளில் மன்றோ உதவிக்கு வராததும், வெடிமருந்து வண்டி தீப்பற்றியதும் பெரிதாகின்றன. நாம் பிழை செய்ததால் தோற்றோம் என்பது அவர்கள் பாடம். ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகைச் சுவரோவியத்தில் அதே வெடிப்பு நடுவில் இருக்கிறது, பல்லக்கில் பெய்லி குறுகி உட்கார்ந்திருக்கிறார், ஹைதரும் திப்புவும் யானைமேல் வருகிறார்கள். அங்கே அது விபத்தாகத் தெரியவில்லை. தோற்றவர் காரணத்தைத் தற்செயலில் தேடுவதும், வென்றவர் அதைத் தன் வீரத்தில் சேர்ப்பதும் எந்த நாட்டுக்கும் பொது.

மறு ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று ஏறத்தாழ அதே இடத்தில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் ஹைதரைச் சந்தித்தார். மாலையில் களம் கூட்டிடம் இருந்தது. ஹைதரின் படையோ சிதையாமல் ஒழுங்காக விலகியது. இரு தரப்பும் வெற்றி கொண்டாடின. களத்தில் நின்றவன் வென்றான் என்றால் கூட் வென்றார். ஆனால் சோறில்லாமல் அவர் சில நாளில் திருப்பாச்சூருக்குத் திரும்பினார். நோக்கம் நிறைவேறியதா என்று கேட்டால் எவரும் வெல்லவில்லை. 1784 மங்களூர் உடன்படிக்கையில் இரு தரப்பும் பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுத்தன. புள்ளலூரில் இன்று நிற்கும் இரண்டு நினைவுத் தூண்களும் 1781இல் விழுந்த ஆங்கில அதிகாரிகளுடையவை. அங்கே மடிந்த மைசூர் வீரருக்கும், கும்பெனிச் சம்பளத்தில் செத்த சிப்பாய்களுக்கும் தூண் இல்லை.

இத்தனையும் பார்த்த பின், அவரவர் நிலையில் அவரவர் சொல்வது சரி என்று முடித்துவிடும் ஆசை வரும். சமணரின் அனேகாந்தத்தை இதற்குத் துணை அழைப்பாருண்டு. அந்தக் கொள்கையில் ஊறிய ரவிகீர்த்தியே ஒருபக்கப் புகழ்ச்சி எழுதியது ஒரு வேடிக்கை. ஆனால் அனேகாந்தம் சொல்வது, ஒரு கூற்று எந்த நோக்கில், எந்தக் காலத்தில், எந்த இடத்தில் பொருந்தும் என்று குறித்துச் சொல் என்பதே. அப்படிக் குறித்ததும் கூற்று சோதனைக்கு உட்படும், சில கூற்றுகள் சோதனையில் விழும். காஞ்சியைச் சாளுக்கியர் தொட்டதேயில்லை என்று ஒரு தமிழர் எழுதினால், கைலாசநாதர் கோயில் தூணின் கன்னட எழுத்து அதை மறுக்கும். வாதாபி வீழ்ந்ததேயில்லை என்று ஒரு கன்னடர் எழுதினால், பாதாமிப் பாறையின் ஆட்சியாண்டுக் குறிப்பு மறுக்கும். எது இறுதி வெற்றி என்பதில்தான் தீர்ப்பு இல்லை. அந்த வழக்கை இரு தரப்புமே முடித்துக்கொள்ளவில்லை. எட்டாம் நூற்றாண்டின் நடுவில் ராஷ்டிரகூடத் தந்திதுர்க்கன் சாளுக்கியரைக் கவிழ்த்தான். காஞ்சிக்கு எதிரான படையெடுப்புகளை அவன் வழிவந்தவர்கள் தொடர்ந்தார்கள்.